கல்லூரித் தரச்சான்றும் முறையீடும்

மனுநீதிச் சோழனது அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி தூங்கிய வரலாற்றை நாம் தொடக்கப் பள்ளியிலேயே கேட்டிருக்கின்றோம். கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்தது. அரசன் காரணம் வினவினான். தன் மைந்தனே குற்றவாளி என அறிந்தும் முறை வழுவானாயினான். இக்கதையைக் கேட்குந்தோறும் நம் நெஞ்சம் அரசனது நீதியிலேயே தோய்ந்து நிற்கின்றது. மணியைப் பற்றியோ நாம் அத்துணை நினைப்பதில்லை. அது வாயிலுக்கு உள்ளே கட்டப்பட்டிருந்தால், அல்லது பசுவுக்கு எட்டாத உயரத்தில் தொங்கியிருந்தால், சோழனது நீதி யாருக்குப் பயன்பட்டிருக்கும்?

சிலப்பதிகாரத்தில் நிலைமை வேறு. பொற்கொல்லன் ஒருவன் சொல்லை நம்பிய பாண்டியன், குற்றஞ் சாட்டப்பட்டவனை அழைத்து ஒரு வார்த்தையும் வினவாமலே கொலைத்தண்டம் விதித்துவிட்டான். ஆதலின் கண்ணகி முறையிட வந்தது கள்வன் ஒருவன் மேல் அன்று. தீர்ப்புரைத்த நடுவன் மேலேயாம். முன்னையது நடுவனிடம் சென்ற முறையீடு. பின்னையது நடுவன் மீதே எழுந்த முறையீடு. இவ்விரண்டையும் ஈண்டு நினைவூட்டியதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் முறையைப் பற்றி யான் சென்ற விடுமுறையிற் படிக்க நேர்ந்தது. ஆங்கு முறையீடுகளையும் பொதுமக்கள் கருத்துரைகளையும் எங்ஙனம் ஏற்று ஆராய்கின்றனர் என்பதையும், சான்றளிக்கும் குழுவின் மீதே முறையீடு எழுந்தபோது என்ன நிகழ்ந்தது என்பதையும் என் சிற்றறிவுக்கு எட்டியவாறு எழுதத் துணிந்தேன்.

தரச்சான்று என்பது யாது? ஒரு கல்லூரியோ, அதனுள் நடைபெறும் ஒரு பாடப்பயிற்சியோ, முன்னரே வகுக்கப்பெற்ற தரவிதிகளுக்கு ஒத்து நடக்கின்றது என்று, அதனைச் சாராத ஒரு குழு நேரில் ஆராய்ந்து கூறும் உறுதிமொழியே அஃது. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 1994-ஆம் ஆண்டில் இதற்கென ஒரு தேசிய அவையைப் பெங்களூரில் நிறுவியது. அமெரிக்காவிலோ அரசாங்கம் இப்பணியைத் தானே செய்வதில்லை. கல்லூரிகள் ஒன்றுகூடி அமைத்த சங்கங்களே செய்கின்றன. புதிய இங்கிலாந்துப் பகுதியில் 1885-ஆம் ஆண்டில் இத்தகைய சங்கம் ஒன்று தோன்றியது. ஏனைய பகுதிகளிலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றின. தொழிற்கல்விக்குத் தனிக் கழகங்கள் உள. பொறியியற் பயிற்சிகளை ஆராயும் கழகம் 1932-ஆம் ஆண்டில் அமைந்தது. இன்று ஏபெட் என்னும் பெயரால் உலகறிய விளங்குவது அதுவே.

தொடக்கத்தில் சான்று என்பது பெருமையாக மட்டுமே இருந்தது. கொரியப் போரினின்று மீண்ட வீரர்களின் கல்விக்கு அரசாங்கம் பொருளுதவி செய்யப் புகுந்த காலத்தே நிலைமை மாறிற்று. போலிக் கல்லூரிகள் அப்பொருளைக் கவர்ந்து செல்லாதபடி காக்க வேண்டுமன்றோ? அதற்காக, நம்பத்தக்க சான்றுக் கழகங்கள் இவை என்று கல்வி ஆணையர் பட்டியல் வெளியிட வேண்டும் என 1952-ஆம் ஆண்டுச் சட்டம் பணித்தது. 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் இத்தொடர்பை இன்னும் இறுக்கிற்று. அதன் பயனாக, சான்றிழந்த கல்லூரியின் மாணாக்கர் கூட்டரசின் உதவித்தொகையும் கடனும் பெற இயலாதவராயினர். செல்வர் மக்கள் பயிலும் இடமாயின் அதனைத் தாங்கலாம். ஏழை மாணாக்கர் நிறைந்த கல்லூரிக்கோ சான்று போதல் உயிர் போதலே.

இத்துணை அதிகாரம் ஒரு சில குழுக்களின் கையிற் குவிந்தமையால், அவற்றைக் கட்டுப்படுத்தக் கூட்டரசின் கல்வித்துறை விதிகளை வகுத்துள்ளது. அவற்றுள் இருவகை வாயில்கள் காணப்படுகின்றன. ஒன்று முறையீடு, மற்றொன்று கருத்துரை. ஒரு கல்லூரி ஆராயப்படவிருக்கின்றது என்பதைச் சான்றுக் குழு பொதுமக்களுக்கு அறிவித்தல் வேண்டும். அறிவித்து, எழுத்தாலோ, வெளிப்படையான கூட்டத்திலோ, எவரும் தம் கருத்தைக் கூற இடந்தருதல் வேண்டும். பழைய மாணாக்கர், பெற்றோர், வேலை கொடுப்போர், பக்கத்து வீட்டார் என எவரும் எழுதலாம். பழிக்கவும் செய்யலாம், புகழவும் செய்யலாம். குழு அதனைக் கருத்திற் கொள்ளக் கடமைப்பட்டதே அன்றி, எழுதினார் ஒவ்வொருவருக்கும் தீர்ப்புக் கூறக் கடமைப்பட்டதன்று.

முறையீடு அத்தகையதன்று. அதற்கு விடை உண்டு. சான்றுபெற்ற கல்லூரி தரவிதியை மீறிற்று என ஒருவர் முறையிட்டால், குழு அதனைக் காலந்தாழ்த்தாமலும் நடுநிலை திறம்பாமலும் ஆராய வேண்டும் என்கின்றது விதி. அக்கல்லூரி மறுமொழி கூறுவதற்குப் போதிய இடந்தராமல் முடிவு செய்தலாகாது என்றும் சொல்கின்றது. இதனினும் வியப்பானது ஒன்று உளது. குழுவின் மீதே வரும் முறையீடுகளையும், அக்குழு விருப்பு வெறுப்பின்றி ஆராய வேண்டும் என்பதும் அவ்விதியின் ஒரு பகுதியே. தன் வழக்கைத் தானே விசாரிக்கச் சொல்வது பொருந்துமோ என நாம் ஐயுறலாம். ஆயின் அக்குழுவுக்கு மேலே கூட்டரசின் கல்வித்துறை இருத்தலும், அத்துறைக்கு அறிவுரை கூறப் பதினெண்மர் அடங்கிய ஒரு குழு இருத்தலும் நினைவில் வைக்கத் தக்கன.

எல்லா மனக்குறையும் முறையீடு ஆகிவிடாது. 'எனக்கு மதிப்பெண் குறைத்தனர்', 'என் கட்டணத்தைத் திருப்பித் தரவில்லை' என எழுதுவோர் பலர். இவற்றைத் தீர்த்துவைத்தல் தம் வேலையன்று என்றே சான்றுக் குழுக்கள் கூறுகின்றன. முதலிற் கல்லூரியிலேயே முறையிட்டு அங்குள்ள வழிகளெல்லாம் முடிந்த பின்னரே தம்மிடம் வருக என்பது அவற்றின் பொதுவான வழக்கு. படித்தபோது இஃது எனக்குக் கல்நெஞ்சமாகவே தோன்றிற்று. பின்னர் எண்ணிப் பார்த்தேன். ஒருவனுக்கு மதிப்பெண் குறைந்தது தரவிதியைப் பற்றியதன்று. அதனை எங்கே சென்று கேட்பது என்ற வழியே ஒரு கல்லூரியில் இல்லையாயின் அது தரவிதியைப் பற்றியதே. ஒரே ஆய்வுக்கூடத்தைப் பற்றி ஐந்தாண்டுகளில் இருபது மாணாக்கர் தனித்தனியே எழுதியிருப்பின், அவ்விருபதும் சேர்ந்து ஒரு சான்றாகிவிடுகின்றன. இதனாலேயே, கல்லூரியின் மேல் வந்த மாணாக்கர் முறையீடுகளின் பதிவையும் சான்றுக் குழுக்கள் தம் தரவிதிகளுள் ஒரு பொருளாகக் கொள்ளும்படி கூட்டரசு விதித்துள்ளது. தனியொருவனுக்கு அவ்விடத்து நியாயம் கிடைக்காமற் போகலாம். அவன் எழுதியது வீண் போகாது.

இங்கு ஒரு சிறு செய்தி கூற விரும்புகின்றேன். யான் முன்னர்ப் பயின்ற ஒரு பள்ளியின் விடுதியில் முறையீட்டுப் பெட்டி ஒன்று சுவரில் மாட்டப்பட்டிருந்தது. சிவப்பு வண்ணம் பூசிய தகரப் பெட்டி. பூட்டுத் துருவேறிக் கிடந்தது; திறவுகோல் யாரிடம் உள்ளது என்பதைக் காவற்காரர் முதல் கண்காணிப்பாளர் வரை எவரும் அறியார். புழுத்த அரிசியைப் பற்றி நாங்கள் நால்வர் ஒரு தாளில் எழுதி, கையெழுத்து அடையாளந் தெரியாதபடி இடக்கையால் எழுதி, அதனுள் இட்டோம். கோடை விடுமுறைக்கு முன் வெள்ளையடிக்க வந்தவர் அப்பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்தபோது எங்கள் தாள் அப்படியே விழுந்தது. உடன் விழுந்தவை சில மிட்டாய்க் காகிதங்களும் ஒரு பல்லி முட்டையும். அரிசி கடைசிவரை மாறவில்லை. அதனினும் எனக்கு உறைத்தது, நாங்கள் இடக்கையால் எழுதியதுதான். அத்துணை அச்சம் எங்கிருந்து வந்தது?

சான்றுக் குழுக்கள் பெரும்பாலும் பெயரும் கையொப்பமும் உள்ள முறையீட்டையே ஏற்கின்றன. காரணம் விளங்காமலில்லை. பெயரில்லாக் கடிதத்தை வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பாரை என்ன வினவுவது? பொய்யுரைப்பாருக்கும் அது எளிதாகிவிடும். எனினும் கையொப்பமிடும் மாணாக்கன் மறுநாளும் அதே வகுப்பில் அதே ஆசிரியர்முன் அமர வேண்டியவன். கருத்துரை என்னும் இரண்டாவது வாயிலின் அருமை இங்கேதான் புலப்படுகின்றது. பலர் ஒருங்கே பேசும் கூட்டத்தில் ஒருவன் தனித்துத் தோன்றான். ஆனால் அதற்கும் ஒரு குறை உண்டு: ஆள் திரட்டிக் கூட்டம் நிரப்பும் கலை எந்நாட்டாருக்கும் தெரிந்ததே. கேட்போர் தலைகளை எண்ணாமல் செய்திகளை நிறுக்கத் தெரிந்தவராயிருத்தல் வேண்டும்.

கேளாச் செவியால் விளைந்த கேட்டினுக்கு ஓர் எடுத்துக்காட்டை மட்டும் சுருங்கச் சொல்லி மேற்செல்வேன். கொரிந்தியன் கல்லூரிகள் என்னும் நிறுவனம் ஊதியம் கருதி நடத்தப்பட்டது; அதன் கிளைகள் நாடெங்கும் நூற்றுக்கு மேல் இருந்தன. படித்து முடித்தார்க்கு வேலை கிடைத்த கணக்கு மெய்யன்று என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 2013-ஆம் ஆண்டில் கலிபோர்னிய மாநிலத் தலைமை வழக்கறிஞர் வழக்கே தொடுத்தார். அதன் பல கிளைகளுக்குச் சான்று வழங்கியிருந்த ஏசிக்ஸ் என்னும் குழு, சான்றைத் திரும்பப் பெறவில்லை. 2015 ஏப்ரலில் அந்நிறுவனம் எஞ்சிய கிளைகளை ஒரே நாளில் மூடிற்று. ஏறத்தாழ 16,000 மாணாக்கர் தெருவில் நின்றனர். மறு ஆண்டில் அக்குழுவின் தகுதி ஆராயப்பட்டபோது, பல மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்கள் அதனை இனி ஏற்கலாகாது எனக் கருத்துரை எழுதினர். 2016 டிசம்பரில் கல்வித்துறை அதன் ஏற்பை நீக்கியது. 2018-இல் மீண்டும் அளித்தது. 2022 ஆகஸ்டில் முடிவாக நீக்கியது. சான்றளிப்பார்க்கும் சான்று வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டும்.

இனி, யான் விரிவாகக் கூற எண்ணியது சான்பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியின் வழக்கு.

அக்கல்லூரி 1935-ஆம் ஆண்டில் தோன்றியது. சமூகக் கல்லூரி என ஆங்கு வழங்கும் வகையைச் சேர்ந்தது. குறைந்த கட்டணம், வயது வரம்பில்லை, பல்கலைக்கழகத்திற்குச் செல்வாரும், சமையற்கலையும் செவிலியமும் வானூர்தி பழுதுபார்த்தலும் கற்பாரும், பிறநாட்டினின்று குடியேறி ஆங்கில எழுத்தை முதன்முதலாகக் கற்பாரும் ஒரே கூரையின்கீழ்ப் பயின்றனர். 2012-ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 90,000 மாணாக்கர் இருந்தனர் என்பர். இத்தகைய கல்லூரிகளுக்கு அப்பகுதியிற் சான்று வழங்கியது சமூகக் கல்லூரிகளுக்கும் இளநிலைக் கல்லூரிகளுக்கும் உரிய அங்கீகார ஆணைக்குழு.

ஆணைக்குழு 2006-ஆம் ஆண்டிலேயே இக்கல்லூரியின் குறைகள் சிலவற்றை எடுத்துக்காட்டியிருந்தது. 2012 மார்ச்சில் ஆய்வுக் குழு மீண்டும் வந்தபோது அவற்றுட் பல திருத்தப்படாமலே இருந்தன. பணக் கையிருப்புக் குறைவு. நிர்வாக ஒழுங்கும் போதாது. 14 பரிந்துரைகளோடு, சான்றை ஏன் நீக்கலாகாது என்பதற்குக் காரணங் காட்டுக என்ற ஆணை அவ்வாண்டு ஜூலையிற் பிறந்தது. கல்லூரி ஓராண்டு முயன்றது. 2013 ஏப்ரலில் மற்றொரு குழு வந்து பார்த்தது. 2013 ஜூலை 3-ஆம் நாள் தீர்ப்பு வெளியாயிற்று: 2014 ஜூலை 31-ஆம் நாளோடு சான்று நீங்கும்.

பாடங் கற்பித்தல் நன்றாக இல்லை என்று எவரும் பெரிதாகச் சொல்லவில்லை என்பதை ஈண்டுக் குறித்தல் வேண்டும். குறையெல்லாம் பெரும்பாலும் பணமும் நிர்வாகமும் திட்டமிடலும் பற்றியவை. நிர்வாகம் சீர்கெட்டால் கற்பித்தலும் நாளடைவிற் கெடும் என்பது ஆணைக்குழுவின் கட்சி. அதனைத் தள்ளிவிட முடியாது. ஆயின் 90,000 பேர் பயிலும் இடத்தை அதற்காக மூடுவதோ என்பது ஊராரின் கேள்வி.

அத்தீர்ப்பு வெளியாவதற்கு முன்னரே, 2013 ஏப்ரல் இறுதியில், ஆசிரியர் சங்கத்தார் ஆணைக்குழுவின் மீது முறையீடு ஒன்று எழுதிக் கல்வித்துறைக்கும் விடுத்திருந்தனர். முந்நூறு பக்கங்களை நெருங்கிய பெரிய ஏடு அது. கருத்தில் வைக்க வேண்டியது, அவர்கள் அதனை முறையீடாக மட்டுமன்றிக் கருத்துரையாகவும் அளித்தமை. முறையீடு என்பதால் விடை வேண்டும். கருத்துரை என்பதால், ஆணைக்குழுவின் தகுதியே ஆராயப்படவிருந்த அவ்வாண்டில் அதுவும் எடுத்துப் பார்க்கப்பட வேண்டும். இரு வாயிலிலும் ஒருங்கே தட்டினர்.

2013 ஆகஸ்ட் 13-ஆம் நாள் கல்வித்துறை மறுமொழி விடுத்தது. முறையீட்டிற் கண்ட அனைத்தையும் அது ஏற்கவில்லை. நான்கு பொருள்களில் ஆணைக்குழு விதி பிறழ்ந்தது என்று மட்டும் கண்டது. ஒன்று, ஆய்வுக் குழுவில் ஆசிரியத் தொழிலோர் போதிய அளவு இடம்பெறவில்லை. இரண்டு, ஆணைக்குழுவின் தலைவியாருடைய கணவரே 2012-ஆம் ஆண்டின் ஆய்வுக் குழுவில் ஓர் உறுப்பினர். அவர் ஓரவஞ்சனை செய்தார் என்று எவரும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை; அங்ஙனம் செய்யக்கூடும் என்ற தோற்றமே போதும், அதுவே விதிக்கு மாறு. நம் உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைத்துக்கொள்க. முதற் பராந்தக சோழனது காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறித்த அக்கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமன்றி, அவர்தம் உறவினரையும் முறை முறையாக எண்ணி, அவர் பெயரைக் குடவோலையில் இடலாகாது என விலக்குகின்றது. உறவு நடுநிலையைக் கெடுக்கும் என்பதை அறிய ஒருவர் சான்பிரான்சிஸ்கோ வரை போக வேண்டியதில்லை.

மூன்றாவது, எது கட்டாயம் திருத்த வேண்டிய குறை, எது மேலும் சிறக்கக் கூறிய அறிவுரை என்ற வேறுபாடு ஆணைக்குழுவின் எழுத்துகளில் தெளிவாக இல்லை. இதனை எளிதாக எண்ணிவிடலாகாது. மாணாக்கன் விடைத்தாளில் ஆசிரியர், 'கையெழுத்தை அழகாக்குக' என்றும் 'மூன்றாம் வினாவுக்கு விடை தவறு' என்றும் ஒரே மையால் ஒரே அளவில் எழுதிவிட்டு, முடிவில் தோல்வி என்று குறித்தால், எதனால் தோற்றோம் என்பதை அவன் எங்ஙனம் அறிவான்? நான்காவது பொருளைப் படித்தபோது எனக்கு நகை தோன்றிற்று. குறை கண்ட கல்லூரியை இரண்டாண்டுக்குள் திருந்தச் செய்ய வேண்டும், இல்லையேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அந்நாளிற் கூட்டரசின் விதியாயிருந்தது. 2006-இல் கண்ட குறைகளை இத்துணைக் காலம் விட்டுவைத்தது ஏன் என்று கல்வித்துறை வினவிற்று. அஃதாவது, கொடுமை செய்தது என்று முறையிட்டார்க்கு, முன்னரே போதிய கண்டிப்புக் காட்டவில்லை என்பதும் விடையின் ஒரு பகுதியாக வந்தது. முறையிடுவோன் தான் வேண்டிய விடையையே பெறுவான் என்பது இல்லை. ஆராய்ச்சி மணியை அசைத்த கை எதுவாயினும், வெளிவருவது உண்மையாயிருத்தல் வேண்டும்.

ஆணைக்குழு இவற்றை உடனே திருத்த வேண்டும், இல்லையேல் அதன் ஏற்புக்கே இடையூறு நேரும் என்றது கல்வித்துறை. ஆயினும் கல்லூரியின் மேல் விதித்த தீர்ப்பை மாற்றும் அதிகாரம் தனக்கு இல்லை என்றும் அது கூறிவிட்டது. முறையீட்டின் எல்லை இங்கே தெரிகின்றது. நடுவன் பிழைத்தான் என்று மேலதிகாரி சொன்னார், தீர்ப்போ நின்றது. மாணாக்கர் அஞ்சி வேறிடங்களுக்குச் செல்லத் தொடங்கினர்.

2013 ஆகஸ்டில் நகர வழக்கறிஞர் டென்னிஸ் ஹெரேரா மாநில நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். நேர்மையற்ற தொழில்முறைகளைத் தடுக்கும் சட்டத்தின்கீழ் அவ்வழக்கு நடைபெற்றது. கல்விக் குழுவொன்றின் மேல் வணிகச் சட்டம் பாய்ந்ததைக் கண்டு அந்நாட்டாரே வியந்திருப்பர். 2014 ஜனவரி 2-ஆம் நாள் நீதிபதி கர்ட்டிஸ் கார்னோ, வழக்கு முடியும்வரை சான்று நீக்கத்தை முற்றுப்பெறச் செய்யலாகாது எனத் தடை விதித்தார். கல்லூரி மூடப்பட்டால் ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் ஊருக்கும் நேரும் தீங்கு அளவிடற்கரியது என்பதை அவர் முதன்மையாகக் கருதினார்.

அதே ஆண்டில் மாநிலக் கணக்காய்வாளரும் இதனை ஆராய்ந்தார். 2009 முதல் சில ஆண்டுகளில் இவ்வாணைக்குழு ஆராய்ந்த கல்லூரிகளில் நூற்றுக்கு 53 விழுக்காடு ஏதேனும் ஒரு தண்டனைக்கு உள்ளாயின. நாட்டின் ஏனைய பகுதிக் குழுக்களிலோ அது நூற்றுக்கு 12 அளவே. அவ்வறிக்கை, கல்லூரிகளை ஒரே அளவுகோலால் அளக்கவில்லை என்றும், முடிவுகள் மூடிய கதவுக்குள் செய்யப்பட்டன என்றும் குறை கூறிற்று. எதிர்ப்பு மிகுந்ததைக் கண்டு, ஆணைக்குழு 2014 ஜூனில், சான்று நீக்கப்பெற்ற கல்லூரிக்கு மீண்டும் ஒரு வாய்ப்பளிக்கும் புதிய விதியொன்றை வரைந்து, அதனைப் பொதுமக்கள் கருத்துரைக்கு விடுத்தது. ஓராண்டுக்கு முன் ஊராரின் குரலுக்கு அசையாத குழு, இப்போது தானே கேட்க முன்வந்தது.

வழக்கு 2014 அக்டோபரிற் கேட்கப்பட்டு, 2015 பிப்ரவரியில் முடிவான தீர்ப்பு வெளியாயிற்று. குறையற்ற கல்லூரி என்று நீதிபதி சொல்லவில்லை. ஆணைக்குழு சட்டத்தை மீறியது என்றார். அவற்றுள் தலையாயது யாதெனின், ஆய்வுக் குழு காணாத குறைகள் சிலவற்றை ஆணைக்குழு தானே சேர்த்துக்கொண்டு, அவற்றைக் கல்லூரிக்கு எழுத்தால் அறிவிக்காமலும், விடைகூற இடந்தராமலும் முடிவு செய்தமை. அதாவது, கோவலனை வினவாமல் விட்ட பிழையே இதுவும். சிலம்பு எவருடையது என்று அவனிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் மதுரை எரிந்திராது.

ஆயினும் நீதிபதி சான்று நீக்கத்தை அடியோடு அழித்துவிடவில்லை. கல்லூரி வேண்டினால், ஆணைக்குழு அக்குறைகள் இவை என்று தெளிவுற எழுதித் தருதல் வேண்டும்; கல்லூரியின் விடையைக் கேட்டல் வேண்டும்; கேட்ட பின்னர்த் தன் முடிவை மீண்டும் எண்ணுதல் வேண்டும் என்றே பணித்தார். இதனைக் கல்லூரித் தரப்பாருட் பலர் போதாத வெற்றி என்று கருதியிருப்பர். முதலிற் படித்தபோது எனக்கும் அங்ஙனமே தோன்றிற்று. நண்பர் ஒருவர், 'பிழையான வழியில் வந்த தீர்ப்பை ஏன் கிழித்தெறியக் கூடாது?' என்று என்னிடம் வாதிட்டார். யான் கூறிய விடை இது: ஒரு கல்லூரி தரமுடையதா என்பதை அறியும் பயிற்சி நீதிபதிக்கு இல்லை, நன்கு கேட்டார்களா என்பதை அறியும் பயிற்சி அவருக்கு உண்டு. தமக்குத் தெரிந்ததை அவர் செய்தார். தெரியாததை, இம்முறை காதைத் திறந்துகொண்டு செய்க என்று, தெரிந்தோரிடமே திருப்பி விடுத்தார். நண்பர் இன்னும் உடன்படவில்லை. அவர் கூறுவதிலும் நியாயம் இல்லாமலில்லை. மீண்டும் எண்ணிப் பார்த்தவர் முன்னர்ப் பிழைத்த அதே நடுவர்தாமே.

அதற்குள் புதிய விதியின்படி கல்லூரிக்கு இரண்டாண்டுத் தவணை கிடைத்திருந்தது. அக்காலத்தே ஆசிரியரும் நிர்வாகிகளும் கணக்கைச் சீர்செய்தனர். குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்தினர். முறையீட்டில் வென்றவர் என்று அவர்கள் வாளா இருந்துவிடவில்லை. 2017 ஜனவரியில் ஆணைக்குழு ஏழாண்டுக்குரிய முழுச் சான்றை மீண்டும் வழங்கியது. 2012 ஜூலையில் எழுந்த அச்சம் தீர நான்கரை ஆண்டுகள் சென்றன. இடையிற் பல்லாயிரம் மாணாக்கர் விலகிவிட்டனர். மாணாக்கர் குறையவே வகுப்புகளும் குறைந்தன. விலை மிக்க கட்டடங்கள் கைமாறும்போது செலுத்தும் வரியை உயர்த்த அந்நகரத்தார் 2016 நவம்பரில் வாக்களித்தனர். 2017-ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத்தில் நகரக் கல்லூரி, ஊரில் வாழ்வோர் அனைவருக்கும் கட்டணமின்றித் தன் கதவைத் திறந்தது.